பத்திரத்தில் யார் பெயர்?

2014 ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஷாங்காய் நகரின் நடுவே, பிள்ளைகளுக்கு வரன் தேடும் பெற்றோர் வார இறுதியில் கூடும் மக்கள் பூங்காவில், விரித்துத் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு நீலக் குடையின் முன் நானும் என் அலுவலகத் தோழியும் நின்றிருந்தோம். குடையின் மேல், துணி உலர்த்தும் கவ்வியால் ஒரு தாள் மாட்டப்பட்டிருந்தது. தூறல் விழுந்தாலும் நனையாதபடி அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தது. "பெண், 1985 பிறப்பு, 163 செ.மீ., முதுகலைப் பட்டம், வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை, ஷாங்காய் ஹூகோவ் (நகரக் குடியிருப்புப் பதிவு), பெற்றோர் இருவருக்கும் ஓய்வூதியம் உண்டு" என்று தொடங்கி, "தேவை: 1978க்கும் 1985க்கும் இடையே பிறந்தவர், 175 செ.மீ.க்குக் குறையாதவர், பட்டதாரி, மணவாழ்க்கைக்கு வீடு உடையவர், ஏற்கெனவே மணமாகி விலகியவர் வேண்டாம்" என்று முடிந்தது அந்தத் தாள். பெயரும் இல்லை, படமும் இல்லை. தோழி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "என் உயரம் 161தான். அம்மா இரண்டு சென்டிமீட்டர் கூட்டி எழுதிவிட்டாள்" என்றாள்.

மகளுக்குச் சொல்லாமலேயே அவள் அம்மா எட்டு மாதங்களாக வார இறுதிதோறும் அங்கே வந்துகொண்டிருந்தார். அன்று தோழிக்கு வேறொருவர் மூலம் விஷயம் தெரிந்து, சண்டை போடுவதற்கென்றே கிளம்பி வந்தவள், தனியாக வரத் துணிவில்லாமல் என்னையும் அழைத்து வந்திருந்தாள். நாங்கள் போன நேரத்தில் அம்மா குடைக்குப் பக்கத்தில் இல்லை. அடுத்த வரிசையில், மகன் வைத்திருக்கும் ஒரு தாயோடு கைப்பேசிப் படங்களைப் பரிமாறிக்கொண்டிருந்தார். சண்டை நடக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் திடுக்கிட்டவர், உடனே சமாளித்துக்கொண்டு, எனக்கு ஒரு மாண்டரின் ஆரஞ்சை உரித்துக் கொடுத்து, "உங்கள் நாட்டில் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார். தோழியின் அம்மாவை அங்கே 'ஆயி' என்று அழைப்பது வழக்கம். அத்தை, சித்தி என்பதைப் போன்ற சொல். நம் ஊர் ஆயிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும், என் வாய்க்கு அது வசதியாகவே இருந்தது.

2012 முதல் 2016 வரை நான் ஷாங்காயில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் மதிய உணவு மேசையில் நான் கேட்ட பேச்சில் பாதி, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், எதனால் அமையவில்லை என்பதைப் பற்றியதாகவே இருந்தது. பேசியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வார்ப்பு: பெருநகரத்தில் பிறந்த அல்லது படித்து வந்து அங்கேயே தங்கிவிட்ட, வீட்டுக்கு ஒரே பிள்ளையான, பட்டமும் மாதச் சம்பளமும் உள்ள, 25 வயதிலிருந்து 35 வயதுக்குட்பட்ட பெண்கள். சீன நடுத்தர வர்க்கப் பெண்கள் பணத்தைப் பார்த்துக் கணவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சீனாவுக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானும் ஓரளவு நம்பிக்கொண்டுதான் அங்கே போனேன்.

சீன மொழியில் 'தியாவ்ஜியென்' என்றொரு சொல் இருக்கிறது. நிபந்தனை என்பதும் அதன் பொருள். ஒருவரின் வசதி, தகுதி, நிலைமை என்பதும் அதன் பொருள். "அவருடைய தியாவ்ஜியென் நல்லது" என்றால், சம்பளம், வீடு, குடும்பம், உயரம், படிப்பு ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சொன்ன மதிப்பெண் அது. "அவளுடைய தியாவ்ஜியென் அதிகம்" என்றால் அவள் கேட்பது அதிகம். ஒருவர் கையில் வைத்திருப்பதற்கும் இன்னொருவர் எதிர்பார்ப்பதற்கும் ஒரே சொல்லைப் புழங்கும் ஒரு மொழியில் பெண்கள் கூச்சமில்லாமல் கணக்குப் பேசுவதில் எனக்குப் பிறகு வியப்பு ஏற்படவில்லை. இதற்கு மறுபக்கத்தில் 'கான்ஜுவே' இருக்கிறது; உணர்வு, ஈர்ப்பு என்று சொல்லலாம். தியாவ்ஜியென் எல்லாம் பொருந்திய ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "கான்ஜுவே இல்லை" என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த முடியாது என்பது இளையவர்களின் கட்சி. கான்ஜுவே என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம் என்பது ஆயியின் கட்சி.

ஆயியின் கட்சிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. அவர் 1955இல் பிறந்தவர். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நகரத்து இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, 16 வயதில் வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துப் பண்ணை ஒன்றுக்குப் போனார். 1979இல்தான் ஷாங்காய்க்குத் திரும்ப முடிந்தது. ஒரு நெசவாலையில் வேலை கிடைத்து, 1983இல் 28 வயதில் திருமணம் செய்துகொண்டார். அதற்கு முந்தைய 1970களில், நகரத்துப் பெண்கள் 25 வயதுக்கு முன் மணம் செய்துகொள்ள வேண்டாம் என்று அரசே வலியுறுத்தியிருந்தது. தன் 28 வயதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. மகளின் 29 வயதுதான் அவரைப் பூங்காவுக்கு விரட்டியது.

ஆயி இளம்பெண்ணாக இருந்த காலத்தில் மாப்பிள்ளையிடம் முதலில் பார்க்கப்பட்டது அவருடைய வர்க்கப் பின்னணி. தொழிலாளி வீடா, ஏழை விவசாயி வீடா, கட்சி உறுப்பினரா, படைவீரரா என்பதே கேள்வி. முன்னாள் நிலவுடைமையாளர் வீட்டுப் பையன் எவ்வளவு படித்திருந்தாலும் அவனுக்குப் பெண் கிடைப்பது அரிது. பிறகு 'மூன்று சுழல், ஒரு ஒலி' என்ற கணக்கு வந்தது: கைக்கடிகாரம், மிதிவண்டி, தையல் இயந்திரம் ஆகிய மூன்றும் சுழலும், வானொலி ஒலிக்கும். ஆயிக்குக் கிடைத்தவை கடிகாரமும் தையல் இயந்திரமும். மிதிவண்டி தவணையில் வந்ததாகச் சொல்லிச் சிரிப்பார். 1980களின் பிற்பகுதியில் அந்த இடத்தை வண்ணத் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை பிடித்துக்கொண்டன. இந்தப் பட்டியல்களில் எங்குமே வீடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டைக் கொடுத்தது வேலையிடம், அதாவது அவர்கள் வேலை பார்த்த ஆலை அல்லது அலுவலகம். அதே வேலையிடம்தான் திருமணத்துக்குக் கடிதமும் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் பதிவு செய்துகொள்ளலாம் என்ற நிலை 2003 அக்டோபரில்தான் வந்தது.

1990களின் நடுவில் ஷாங்காயின் நெசவாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆள்குறைப்புச் செய்தன. ஆயி 41 வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்று சொல்லப்பட்ட நிரந்தர வேலை உடைந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1998இல் வேலையிடங்கள் வீடு ஒதுக்கும் முறையையும் அரசு நிறுத்தியது. அதற்குச் சற்று முன் குடியிருந்த அறையைச் சலுகை விலையில் வாங்கிக்கொண்ட குடும்பங்கள் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சொத்துள்ளவர்களாகிவிட்டன. வாங்காதவர்கள் வாடகைக்காரர்களாகவே இருந்தார்கள். "வேலை போனது, சேமிப்பு மருத்துவத்துக்குப் போனது, அந்த ஒன்றரை அறை மட்டும்தான் என்னை விட்டுப் போகவில்லை" என்று ஆயி ஒருமுறை சொன்னார். மாப்பிள்ளைக்கு வீடு இருக்கிறதா என்று அவர் கேட்பதைப் பேராசை என்று என்னால் அதன்பின் எண்ண முடியவில்லை.

வீடு என்ற இந்த நிபந்தனை சமூகம் முழுவதையும் பிடித்து ஆட்டியது. 1980களிலிருந்து பெண் கருக்கள் கலைக்கப்பட்டதால் மணப்பருவத்தில் ஆண்களின் எண்ணிக்கை மிகுந்துபோனது. 2020 கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் ஏறத்தாழ 3.5 கோடி பேர் அதிகம். மகன் வைத்திருக்கும் பெற்றோர் அவனுக்குப் பெண் கிடைக்க வேண்டுமே என்று போட்டி போட்டுச் சேமிப்பதுதான் சீனக் குடும்பங்களின் சேமிப்பு விகிதம் உயர்ந்ததற்கு ஒரு காரணம் என்று வெய் ஷாங்ஜின், ஜாங் சியாவ்போ என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் வாதிட்டார்கள். மக்கள் இதையே இன்னும் சுருக்கமாக, "வீட்டு விலையை ஏற்றுவது மாமியார்கள்" என்று சொல்லிக்கொண்டார்கள். இங்கே மாமியார் என்பது பெண்ணின் தாய்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வீடு வாங்கித் தந்தால் பெண் என்ன பெறுகிறாள் என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்த இடத்தை விட்டு நகர மனம் வருவதில்லை.

சீனாவில் புது அடுக்ககங்கள் பெரும்பாலும் வெறும் கூடாகவே கைமாறின. சிமெண்டுத் தரை, பூசாத சுவர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், கழிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய். இவ்வளவுதான் பணம் கட்டியவருக்குக் கிடைப்பது. பல நகரங்களில் நிலவிய வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் முன்பணம் கட்டி வீட்டை அவன் பெயரில் வாங்குவார்கள். பெண் வீட்டார் தரை, ஓடு, மின்சாரம், சமையலறை, கதவு, அலமாரி என்று உள்வேலை முழுவதையும் செய்து, படுக்கையும் மின்சாதனங்களும் வாங்கிப் போடுவார்கள்; சில வீடுகளில் காரும் பெண் வீட்டாருடையது. மாதத் தவணையை இருவர் சம்பளத்திலிருந்தும் கட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சரிபாதிப் பங்கு போலத் தோன்றும். ஆனால் பத்து ஆண்டுகளில் கூட்டின் விலை மூன்று மடங்கோ நான்கு மடங்கோ ஏறியிருக்கும். ஓட்டின் விலை பூஜ்யம். சுவர் அவனுடையது, சுவரில் அடித்த வண்ணம் அவளுடையது.

2011 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்கு ஒரு விளக்கம் வெளியிட்டது. திருமணத்துக்கு முன் ஒருவர் தன் பணத்தில் முன்பணம் கட்டி, வங்கிக் கடன் பெற்று, தன் பெயரில் பதிந்துகொண்ட வீடு, பிரிவு நேர்ந்து இருவருக்கும் உடன்பாடு எட்டாதபோது, பதிந்தவருக்கே போகலாம். சேர்ந்து கட்டிய தவணைக்கும் அதற்குரிய விலையேற்றத்துக்கும் மற்றவருக்கு இழப்பீடு உண்டு. திருமணத்துக்குப் பின் பெற்றோர் வாங்கித் தங்கள் பிள்ளையின் பெயரில் பதிந்த வீடு அந்தப் பிள்ளைக்கு மட்டுமான பரிசு என்றது அன்றைய விளக்கம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி மகனுக்கு வீடு வாங்கிய பெற்றோருக்கு இந்த விளக்கம் ஆறுதலாக இருந்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த மாதமே நகரங்களில் மனைவிமார் பலர் பத்திரத்தில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பதிவு அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். பெயர் சேர்ப்பதற்கு வரி உண்டா என்ற குழப்பம் எழுந்து, கணவன் மனைவிக்குள் பெயர் சேர்ப்பதற்கு வரி இல்லை என்று நிதி அமைச்சகம் மாத இறுதியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. 'பெயர் சேர்த்தல்' என்பது அன்றிலிருந்து காதலின் அளவுகோல்களில் ஒன்றாகிவிட்டது. என் தோழி யாருடைய அன்பையாவது விவரிக்கும்போது, "கேட்காமலேயே பெயர் சேர்த்தார்" என்று சொன்னால் அதற்கு மேல் விவரணை தேவைப்படாது.

இதே காலத்தில்தான் பெண்களின் மேல் பேராசைப் பழி வலுவாக விழுந்தது. 2010இல் ஜியாங்சு மாகாணத் தொலைக்காட்சியின் இணை தேடும் நிகழ்ச்சி ஒன்றில், மிதிவண்டியின் பின்னால் உட்கார்ந்து சிரிப்பதைவிட பிஎம்டபிள்யூ காருக்குள் உட்கார்ந்து அழுவதையே விரும்புவதாக ஒரு பெண் சொல்லப்போக, அந்த ஒரு வாக்கியம் நாடு முழுவதும் பேசப்பட்டு, ஒரு தலைமுறைப் பெண்களின் வாக்குமூலமாகவே அது நிலைநிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2007இல், 'ஷெங்நூ' என்ற சொல் கல்வி அமைச்சகத்தின் புதுச்சொற்கள் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. மிஞ்சிப்போன சோற்றைக் குறிக்கும் அடைமொழியைப் பெண்ணுக்குச் சூட்டிய சொல் அது. அளவுக்கு மீறி எதிர்பார்த்ததால் 27 வயதைக் கடந்தும் மணமாகாதவள் என்று விளக்கம். தமிழில் முதிர்கன்னி என்ற சொல் நமக்கு உண்டு. அந்தச் சொல்லுக்குள் ஒரு இரக்கம் இருக்கிறது. அப்பாவால் வரதட்சிணை கொடுக்க இயலவில்லை, அவள் என்ன செய்வாள் என்கிறது அது. ஷெங்நூ என்ற சொல்லில் இரக்கம் கிடையாது. தவறு முழுவதும் அவளுடையது என்கிறது. அதே ஒலிப்பில் வெற்றியைக் குறிக்கும் எழுத்து ஒன்று சீனத்தில் இருப்பதால், சில பெண்கள் அந்த எழுத்தைப் போட்டு 'வெற்றிப் பெண்' என்று எழுதத் தொடங்கினார்கள். என் தோழிக்கு அந்தச் சிலேடை பிடிக்காது. "தோற்றவர்கள்தான் இப்படி எழுத வேண்டியிருக்கும்" என்பாள்.

மேசையில் அடிக்கடி அடிபட்ட ஒரு கணக்கும் உண்டு. முதல் தரத்து ஆண் இரண்டாம் தரத்துப் பெண்ணையும், இரண்டாம் தரத்து ஆண் மூன்றாம் தரத்துப் பெண்ணையும் தேடிப் போனால், கடைசியில் மிஞ்சுவது முதல் தரத்துப் பெண்ணும் நான்காம் தரத்து ஆணும் என்பதே அது. நகைச்சுவையாகச் சொன்னாலும் நிலவரம் அதற்கு அருகில்தான் இருந்தது. எண்ணிக்கையில் மிகுந்துபோன ஆண்கள் பெரும்பாலும் ஏழைக் கிராமங்களில் இருந்தார்கள். மிஞ்சிப்போனவர்கள் என்று பெயர் சூட்டப்பட்ட பெண்கள் ஷாங்காயிலும் பெய்ஜிங்கிலும் இருந்தார்கள். இந்த இரு கூட்டமும் ஒன்றையொன்று சந்திக்க வழியே இல்லை.

பூங்காவில் எதிர்பாராத நிபந்தனைகளும் உண்டு. நாங்கள் பார்த்த இன்னொரு குடையில் "1991 பிப்ரவரி தொடக்கத்தில் பிறந்தவர், குதிரை ஆண்டு" என்று எழுதி, குதிரைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 15. அதற்குப் பின் பிறந்திருந்தால் பெண் ஆடு ஆண்டைச் சேர்ந்தவளாகியிருப்பாள். பத்து ஆடுகளில் ஒன்பதுக்கு வாழ்வில் குறை என்று ஒரு பழமொழி இருக்கிறதாம். மூல நட்சத்திரப் பெண்ணுக்கு வரன் தேடிய வீட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த இரண்டு கோடுகளை மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

தோழி பூங்காவை வெறுத்தாளே தவிர, நிபந்தனைகளை அவள் வெறுக்கவில்லை. அவளிடமும் ஒரு பட்டியல் இருந்தது. அம்மாவுடையதிலிருந்து அது வேறு வகையில் கடுமையானது. 'மென்தாங் ஹூதுய்' என்ற பழைய தொடர் ஒன்றை, அதாவது வாசலுக்கு வாசல் பொருந்த வேண்டும் என்பதை, அவளும் நம்பினாள். கிராமத்திலிருந்து படித்து மேலேறி வந்து நகரத்தில் நல்ல வேலையில் இருக்கும் ஆணை 'ஃபீனிக்ஸ் ஆண்' என்பார்கள். அவனுடைய படிப்புக்காகத் தங்கையின் படிப்பை நிறுத்திய குடும்பம் பின்னால் நிற்கும்; அந்தக் கடனை அவன் வாழ்நாள் முழுவதும் அடைப்பான்; மனைவியும் சேர்ந்து அடைக்க வேண்டியிருக்கும். இந்தப் பேச்சில் நகரத்துத் திமிர் இருக்கிறது என்று நான் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பிள்ளை. நான்கு பெற்றோரை நாங்கள் இருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்காமல் எப்படி இருக்க முடியும்?" என்றாள். குடைத்தாள்களில் பெற்றோரின் ஓய்வூதியம் ஏன் ஒரு தகுதியாக இடம்பெறுகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில், ஆயியின் பூங்கா முயற்சியால் அமைந்த ஒரு சந்திப்புக்கு அவள் போய்வந்தாள். வங்கி ஊழியர், 33 வயது, 178 செ.மீ., உள்வட்டச் சாலைக்குள்ளேயே வீடு. காபி வந்து இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அவர் பணிவாகக் கேட்டாராம்: "குழந்தை பிறந்தால் உங்கள் அம்மா பார்த்துக்கொள்வாரா, அல்லது என் அம்மா வர வேண்டுமா?" மறுநாள் மேசையில் இதைச் சொன்னபோது மற்றப் பெண்கள் அது நியாயமான கேள்விதானே என்றார்கள், பாட்டியின் உதவி இல்லாமல் இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீட்டில் கைக்குழந்தையை வளர்ப்பது அங்கே இயலாத காரியம். தோழியும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். "அவர் இரண்டு பெயரைச் சொன்னார். மூன்றாவதாக ஒருவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை" என்றாள். உயரமும் வீடும் நிறைந்த அந்த வரனை அவள் மறுத்ததற்கு அம்மாவிடம் சொன்ன காரணம், கான்ஜுவே இல்லை என்பது மட்டுமே.

சீனப் பெண்கள் இதற்கென்று ஒரு சொல்லை உருவாக்கி வைத்திருக்கிறார்கள்: 'துணையை இழந்தவள் போலப் பிள்ளை வளர்த்தல்'. கணவன் உயிரோடு இருப்பான், சம்பளம் வரும், ஆள் இருக்கமாட்டான். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்துக்கு 6 நாள் என்ற பொருளில் '996' எனப்படும் வேலைமுறை தொழில்நுட்ப நிறுவனங்களில் பரவியபோது, நல்ல சம்பளம் என்ற நிபந்தனையும் வீட்டில் இருக்கும் கணவன் என்ற நிபந்தனையும் ஒன்றுக்கொன்று பகையாகிவிட்டன. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த வேலைமுறை சட்டவிரோதமானது என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் பெய்ஜிங் நகர நீதிமன்றம் ஒன்று, ஐந்து ஆண்டுகள் வீட்டு வேலை முழுவதையும் தானே செய்த ஒரு மனைவிக்கு மணமுறிவின்போது 50,000 யுவான் இழப்பீடு வழங்கியது. அந்தத் தொகை எவ்வளவு அற்பம் என்பதைப் பற்றித்தான் பெண்கள் அதிகம் பேசினார்கள். வேலைக்கான நேர்காணலில் "திருமணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா" என்று கேட்பது தடை செய்யப்பட்ட பின்னும் அந்தக் கேள்வி வேறு வடிவங்களில் தொடர்ந்தது. திருமணம் ஒரு பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கும் என்றால், அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று அவள் முன்கூட்டியே கேட்பதை எப்படிக் குறை சொல்வது? கணவன் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும் என்ற வழியும் எளிதில் திறக்கவில்லை. மணமாகாத பெண்ணுக்குக் கருமுட்டையை உறைய வைக்க மறுத்த மருத்துவமனையை எதிர்த்துப் பெய்ஜிங்கில் ஒரு பெண் தொடுத்த வழக்கு, பல ஆண்டுகள் நடந்து, 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

நான் ஊர் திரும்பிய பிறகும் தோழியோடு வீசாட் செயலியில் பேச்சு தொடர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பேச்சில் சொற்கள் மாறுவதைக் கவனித்தேன். வீடு, கார் என்பவை பின்னுக்குப் போய், 'சான்குவான்' முன்னுக்கு வந்தது. உலகத்தைப் பார்க்கும் பார்வை, வாழ்க்கையைப் பார்க்கும் பார்வை, எது மதிப்புள்ளது என்ற பார்வை ஆகிய மூன்று பார்வைகளுக்கும் சேர்த்து ஒரு சொல். கட்சிப் பாடநூலின் வாடை வீசும் அந்தச் சொல்லைப் பெண்கள் எடுத்து, மாப்பிள்ளையை அளக்கும் கோலாக்கிவிட்டார்கள். பணியாளரிடம் அவர் எப்படிப் பேசுகிறார், தன் அம்மா செய்த வேலையை அவர் வேலையாக எண்ணுகிறாரா, மகள் பிறந்தால் முகம் சுருங்குமா என்பவையெல்லாம் சான்குவானில் அடக்கம். அண்மை ஆண்டுகளில் 'உணர்ச்சி மதிப்பு' என்று இன்னொன்று சேர்ந்திருக்கிறது: சோர்ந்து வரும் நாளில் ஆறுதலாக இருக்கத் தெரிந்தவன் என்பதற்கும் சந்தை மொழியிலேயே பெயர். வீடு என்று எழுதினால் உண்டு, இல்லை என்று பதில் வந்துவிடும். சான்குவானைக் குடையில் எழுதி மாட்ட முடியாது. என் கணிப்பில், இன்றைய பெண்களின் எதிர்பார்ப்பு அம்மாக்களுடையதைவிடக் குறைந்துவிடவில்லை. சரிபார்க்கக் கடினமான ஒன்றாக மாறியிருக்கிறது. 2013இல் ஏறத்தாழ 1.35 கோடித் திருமணங்கள் பதிவான நாட்டில் 2024இல் பதிவானவை 61 லட்சமே. மணப்பருவத்தினரின் தொகை சுருங்கியதும், சீனச் சந்திர நாட்காட்டிப்படி வசந்தம் தொடங்கும் நாள் விழாத ஆண்டு என்பதால் அது 'கைம்பெண் ஆண்டு' என்று கருதப்பட்டதும் அதற்குக் காரணங்கள்தான். ஆனால் கருமுட்டைக்கும் வீட்டு வேலைக்கும் என்ன தீர்ப்பு வந்தது என்று படித்துக்கொண்டிருந்த பெண்கள் அவசரப்படவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஜியாங்சு, ஜெஜியாங் மாகாணங்களின் சில பகுதிகளில் 'இருதலைத் திருமணம்' என்ற ஒரு முறை பரவியிருப்பதாகத் தோழி சொன்னாள். ஆண் வீட்டார் பரிசப் பணம் தருவதில்லை, பெண் வீட்டார் சீர் தருவதில்லை. இரு வீட்டுக்கும் சம உரிமை. முதல் குழந்தைக்கு ஒரு குடும்பப் பெயர், இரண்டாவதுக்கு மற்றது. ஒரே மகளைப் பெற்றவர்கள் கண்டுபிடித்த வழி அது. எந்தப் பெயரை முதல் குழந்தைக்கு வைப்பது என்பதில் சண்டை வருவதாகவும் கேள்வி.

அவள் 2016இல், பெற்றோரின் உதவியோடு, நகரின் வெளிவட்டத்தில் 52 சதுர மீட்டரில் ஒரு சின்ன வீட்டைத் தன் பெயரில் வாங்கினாள். ஆயி அந்த வாரத்தோடு பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கோபத்தினாலா, நிம்மதியினாலா என்று தோழிக்கே தெரியவில்லை. 2019இல் ஒருவரைச் சந்தித்திருப்பதாக எழுதினாள். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், ஏற்கெனவே மணமாகி விலகியவர், வாடகை வீட்டில் இருப்பவர். உயரத்தை நான் கேட்கவில்லை. முதல் சந்திப்பிலேயே, தனக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் பாத்திரம் கழுவப் பிடிக்காது என்று அவர் சொன்னதை அவள் மூன்று முறை எனக்கு எழுதினாள்.

திருமணப் பேச்சு முற்றியபோது மாப்பிள்ளையின் தாய், மிகவும் சுற்றி வளைத்து, ஆயியிடம் ஒரு கேள்வி கேட்டாராம்: மகன் போய் இருக்கப்போகும் அந்த வீட்டின் பத்திரத்தில் அவன் பெயரையும் சேர்ப்பார்களா? தொலைபேசியில் இதைச் சொல்லும்போது தோழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை என்றாள்."

"சேர்த்தாயா?"

"இல்லை. சமையலறை ஓடு மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார்."